சனி என்று வீட்டில் சொல்லக் கூடாது

வீடியோ கேமை நாவலாக எழுதித் தரும் தொழிலில் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. யாராவது இருந்தால் தயவுசெய்து ஒரு குரல் கொடுங்கள், செஞ்சியில் நான் ஒருத்தி தனியாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

இதற்கு முன்னால் மாத நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பங்காளித் தகராறு, பிரிந்த தம்பதி, கடைசிப் பக்கத்தில் சமாதானம். அதில் சலிப்பு உண்டு, பயம் கிடையாது. ஒருநாள் சென்னையில் ஒரு சின்ன கேம் கம்பெனியிலிருந்து தினேஷ் என்பவர் பேசினார். அவர்கள் தமிழிலேயே செய்த விண்வெளி கேம் ஒன்று நன்றாகப் போகிறதாம், அதை நாவலாகக் கொண்டுவர வேண்டுமாம். எனக்கு ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். “டெக்னிக்கல் எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க ஃபீலிங் மட்டும் போடுங்க” என்றார். எழுதிப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும், தேடி வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் நமக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒத்துக்கொண்டேன்.

சொல்லக் கூடாத பேர்

கேமின் பேர் ‘சனிவளையம்’. சனிக் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய நிலையம். அங்கே ரிப்பேர் வேலைக்குப் போன ஒரு பெண் நீண்ட தூக்கத்திலிருந்து விழித்துப் பார்க்கிறாள். கூட வந்தவர்கள் ஒருவரும் இல்லை. சுவருக்குள் ஓடும் குழாய்களில் ஏதோ ஒன்று ஊர்கிறது. காணாமல் போனவர்களின் குரலிலேயே அது பேசுகிறது: “கேக்குதா? நான்தான். கதவத் திற.” நம்பித் திறந்தால் முடிந்தது. இதுதான் நான் ஃபீலிங் போட வேண்டிய கதை.

மத்தியானச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். அந்த வாரம்தான் நாத்தனார் ரேவதியை வளைகாப்பு முடித்துக் கூட்டிவந்திருந்தோம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள், ஆபிஸ் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் கேமின் பேரைச் சொன்னதும் என் மாமியார் குழம்புக் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். ரேவதியின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பிள்ளத்தாச்சி இருக்கற வூடு இது. எழுதறதுன்னா எழுதிக்கோ, அந்தப் பேர வாயால சொல்லாத.”

ஒருமுறைதான்

எழுதுவதற்கு முன் ஆடிப் பார்க்க வேண்டும் அல்லவா. முன்பின் கேம் ஆடியதில்லை. தொடங்கும்போதே பேர் கேட்டது, ‘அமுதா’ என்று என் பேரைப் போட்டேன். இருட்டான நடை. என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. எந்த பட்டனை அழுத்தினால் ஓடலாம் என்று தேடுவதற்குள் பின்னாலிருந்து ஏதோ வந்து என்னை இழுத்துப் போனது. திரை கறுத்தது. சிவப்பு எழுத்தில், ‘அமுதா இறந்துவிட்டாள். மீண்டும் தொடங்கவா?’

சொந்தப் பேரை அப்படிப் படித்துப் பாருங்கள், தெரியும். மீண்டும் தொடங்கினேன், மீண்டும் செத்தேன். எங்கள் வீட்டில் மோட்டார் போட்டால் குழாயில் முதலில் தண்ணீர் வராது, காற்று வரும். உள்ளே யாரோ தொண்டையைச் செருமுவது மாதிரி இருக்கும். அதைக் கேட்டுப் பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள், அன்று அடுப்பில் பாலை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். தினேஷுக்கு போன் செய்து, நான் இப்படிச் செத்துச் செத்துப் போகிறேனே, நாவலில் இவள் எத்தனை முறை சாக வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். “நாவல்ல ஒரு தடவதான் மேடம் சாக முடியும். அதனால அவசரப்பட்டு செலவு பண்ணிடாதீங்க.”

தைரியசாலி

ஆடுவதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் விழுப்புரத்தில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருபவர், வந்ததும் தூங்குபவர். கடைசியில் ரேவதியே கேட்டாள்: “குடு அண்ணி, நான் ஆடறேன். காலேஜ்ல இதுதான் பொழப்பே.” வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மத்தியானம் ஆபிஸ் வேலை ஓய்ந்ததும் கட்டிலில் தலையணையைச் சாய்த்து, ஹெட்போனை மாட்டி, வயிற்றின் மேல் லேப்டாப் படாமல் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு ஆடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொள்வேன். பயப்பட வேண்டிய இடத்தில் நான் பயப்படுவேன், அவள் பட்டாணி தின்பாள். அத்தை எட்டிப் பார்த்தால் ஆபிஸ் வேலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் கவனித்தேன். அவள் ஓர் இடத்தில் தோற்றாள். திரையில், ‘இனியா இறந்துவிட்டாள். மீண்டும் தொடங்கவா?’ யார் இனியா என்று கேட்டேன். பட்டாணியை மென்றுகொண்டே, பொண்ணாப் பொறந்தா வைக்கலாம்னு நெனச்ச பேரு, கேம் பேர் கேட்டதும் டக்குனு கைக்கு வந்தது அதுதான் என்றாள். பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தேன். மாற்று, இப்போதே மாற்று என்றேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சிரித்தாள். “பேர மாத்தணும்னா மொதல்லேந்து ஆடணும் அண்ணி. பாவம், எவ்ளோ தூரம் வந்துட்டா இனியா.”

பாலத்தில் ஒரு குரல்

நிலையத்துக்கு வெளியே ஒரு குறுகலான பலகை மேல் அந்தப் பெண் நடந்து போகிற கட்டம் வந்தது. கீழே ஒன்றுமே இல்லை, கறுப்பு மட்டும். ரேவதி சுலபமாகக் கடந்துவிட்டாள். எனக்கு எழுத வரவில்லை. எங்கள் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து கிடக்கும், அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம் இருக்கும். அதன் நடுவில் நின்று பார்த்தால் எழுத வந்துவிடும் என்று ஒரு காலையில் தனியாக ஏறினேன். விடுமுறை நாள் இல்லை, மேலே ஈ காக்காய் இல்லை. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். அடியிலிருந்து காற்று புடவையைத் தூக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

“அமுதா” என்று ஓர் ஆண் குரல் கேட்டது. பாறையில் மோதி இரண்டாக வந்தது. அப்படியே என் வீட்டுக்காரர் குரல். அவர் அந்நேரம் விழுப்புரத்தில் இருக்கிறார். கேமில் இப்படிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, அசையக் கூடாது. நான் அசையவில்லை. “அமுதா, வந்துடு” என்று மறுபடி கேட்டது, இன்னும் கிட்டத்தில். பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் அவர்களுடைய வாத்தியார், மேல்மூச்சு வாங்கிக்கொண்டு. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “ஒங்கள இல்ல மேடம், எங்க எட்டாங்கிளாஸ் அமுதாவக் கூப்ட்டேன். நீங்க கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா புள்ளைங்க போவும்.”

பேர் வைக்காதீங்க

நாவலை எழுதப்போவது நான்தான் என்று கம்பெனி அறிவித்துவிட்டது. அதோடு என் ஊரையும் போட்டுவிட்டது. கேம் ஆடுகிறவர்களிடமிருந்து செய்தி வர ஆரம்பித்தது. பாதி வாழ்த்து. மீதி மிரட்டலா அன்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ரகம். ஒருவர், ‘எங்களவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு பைக் நின்றது. நடுவயது ஆள், ஹெல்மெட்டைக் கழற்றாமல் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். ரேவதி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் போட்டுவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் இறங்கி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டி, “மேடம், நான்தான்” என்றார். அதற்குப் பிறகு யார் திறப்பார்கள்.

ஜன்னல் வழியாகவே பேசினோம். அவலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கிறாராம், பேர் சரவணன். மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரத்தில் ஆடுவாராம். அந்தப் பெண்ணுக்கு நாவலில் என்ன பேர் என்று கேட்டார். கம்பெனியில் ‘தாரகை’ என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “நான் என் பேரத்தான் போட்டேன். ‘சரவணன் இறந்துவிட்டாள்’னு வரும். மொதல்ல சிரிப்பு வரும், அப்புறம் ஒரு மாதிரி ஆயிடும்” என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, கிளம்பும்போது சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: “நீங்க ஒரு பேரு வச்சிட்டீங்கன்னா, இத்தினி நாளா அங்க மாட்டிக்கினு இருந்தது நான் இல்லன்னு ஆயிடும் மேடம்.”

அசைவு

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ரேவதி என் மேஜையருகே வந்து நின்றாள். கையில் பட்டாணி இல்லை, முகத்தில் அந்த அலட்சியம் இல்லை. “அண்ணி, எழுந்ததுலேந்து வயித்துல அசையவே இல்ல” என்றாள். அத்தை சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார், இடது பக்கமாகப் படுக்க வைத்தார். மூன்று பேரும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அத்தை பையில் துணி எடுத்து வைக்க உள்ளே போனார். நான் ஆட்டோவுக்கு போன் பண்ணத் திரும்பினேன். மேஜை மேல் ரேவதியின் லேப்டாப் திறந்திருந்தது. குறிப்பெடுக்க நான்தான் திறந்து வைத்திருந்தேன். முந்தின நாள் அவள் தோற்று நிறுத்திய இடம். ‘இனியா இறந்துவிட்டாள். மீண்டும் தொடங்கவா?’ பாய்ந்து போய் மூடினேன். மூடிய பிறகும் அந்தச் சிவப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கூட்ரோட்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அத்தை மலைமேல் அம்மன் கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கையெடுத்து, “கமலக்கண்ணியம்மா, கமலக்கண்ணியம்மா” என்றார். இந்தக் குழந்தை நல்லபடியாக இருந்தால் நாவலை இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று நானும் வேண்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரேவதியின் வயிற்றில், குழந்தையின் துடிப்பைக் கேட்கும் ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தினார். கரகரவென்று ஒரு சத்தம். கேமில் குழாய்க்குள்ளிருந்து குரல் வருவதற்கு முன் இதே கரகரப்புதான் வரும். நர்ஸ் கருவியை நகர்த்தினார். கரகரப்பு. மறுபடி நகர்த்தினார். எதற்கும் பயப்படாத ரேவதி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. அப்புறம், கரகரப்புக்கு அடியிலிருந்து, குதிரைக்குட்டி ஓடி வருவது மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா வந்து வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி, நெடுநேரம் மெஷினில் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ரேவதியே வாய்விட்டுக் கேட்டாள், பயங்கரமான கேம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தேன், அதனால் இருக்குமா என்று. அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். கேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அசைவு குறைந்தால் மட்டும் இப்படி உடனே வந்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. பிறகு சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்த என்னிடம் வந்தார். “நீங்க உக்காருங்கம்மா. இங்க பிரஷர் பாக்க வேண்டியது ஒங்களுக்குத்தான்.”

ஒத்தையா

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை என் பக்கம் திரும்பாமல் ரேவதியின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே வந்தார். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. ரேவதியைப் படுக்க வைத்துவிட்டு என்னிடம் வந்து, “அதக் காட்டு” என்றார். இனி எழுதப் போவதில்லை அத்தை, தினேஷுக்கு போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “மொதல்ல காட்டு.” காட்டினேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்தப் பெண் ஆளில்லாத சமையலறை வழியாகப் போனாள். மேஜையில் பாதி சாப்பிட்ட தட்டுகள் அப்படியே இருந்தன. சுவருக்குள் ஏதோ ஊர்ந்தது. அவள் ஒரு மேஜைக்கடியில் நுழைந்து ஒடுங்கிக்கொண்டாள்.  இத்தனை நாளும் அது எப்போது வரும் என்றுதான் நான் பயந்திருக்கிறேன். அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கேட்டார், கூட யாரும் இல்லையா என்று. இல்லை என்றேன். சாமி படம்கூட வைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை. எழுந்து, கதவருகே போய், திரும்பாமலேயே சொன்னார்: “அவ்ளோ பெரிய வூட்ல ஒத்தப் பொம்பள. அவள வுட்டுட்டு இப்ப நீயும் எங்க போற?”

பெண்

அடுத்த மாதம் ரேவதிக்குச் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பேர் வைக்கிற அன்று வீடு நிறைய உறவு. தொட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றபோது, ரேவதி குழந்தையின் காதில் மூன்று முறை சொன்ன பேர் எனக்குக் கேட்டுவிட்டது. இனியா. அத்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது, எவ்வளவு வாயில் நிற்கிற பேர் என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தப் பேரைத் திரையில் எந்த எழுத்தில் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது. கூட்டம் சாப்பிடப் போனதும் ரேவதியிடம், வேறு பேரே கிடைக்கவில்லையா என்றேன். அவள் குழந்தையின் விரலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அங்க அத்தன தடவ விழுந்து, அத்தன தடவ எழுந்திரிச்சவ அண்ணி. இனிமே இவளுக்கு ஒன்னும் ஆவாது.”

கடைசிக் கதவு

கேமின் முடிவில் ஒரு கதவு வருகிறது. வெளியே குரல் கேட்கிறது. அது உண்மையான கூட்டாளியாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். ஆடுகிறவர் திறக்கலாம், திறக்காமல் தனியாகத் தப்பியும் போகலாம். நாவலில் நான் ஒன்றைத்தான் எழுத முடியும். திறக்காமல் போவதாகத்தான் முதலில் திட்டம் போட்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பல நாள் அந்தக் கதவுக்கு முன்னால் நானும் நின்றேன். ஒரு காலையில் அவள் கதவில் காதை வைத்து, கரகரப்புக்கு அடியில் ஏதாவது கேட்கிறதா என்று காத்திருப்பதாக எழுதினேன். காத்திருந்தாள், காத்திருந்தாள், திறந்துவிட்டாள். வெளியே நின்றது யார் என்று இங்கே சொன்னால் தினேஷ் வருத்தப்படுவார். அவளுக்குப் பேர் வைக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ‘அவள்’தான். அனுப்பிவிட்டு, கம்பெனி என்ன சொல்லுமோ, ஆடியவர்கள் என்ன செய்வார்களோ என்று காய்ச்சல் வந்து படுத்தேன். தினேஷ் இரண்டு நாள் பேசவே இல்லை. பிறகு, அச்சுக்குப் போகலாம் என்று ஒரே ஒரு வரி அனுப்பினார்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை ரேவதியிடம் கொடுத்தேன். மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை. குழந்தை சிணுங்கியது, காலை ஆட்டித் தூங்க வைத்தாள். நன்றாக இல்லையோ என்று பயந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: “நான் அந்தக் கதவ ஒரு தடவகூட தொறந்தது இல்ல அண்ணி. நீ டீ போட எழுந்து போவ இல்ல, அப்ப ஹெட்போன கழட்டிட்டு, கண்ண மூடிக்கினு, தனியா தப்பிச்சு ஓடிடுவேன்.”

ஆக, சக தொழிலாளிகளே, இந்த வேலையில் கதை கம்பெனிக்குச் சொந்தம், பேர் ஆடுகிறவர்களுக்குச் சொந்தம், எழுதுகிறவளுக்கென்று மிஞ்சுகிற ஒரே சொத்து பயம்தான், அதிலும் பங்குக்கு ஆள் இருக்கிறது.